அடைக்கோழியின் குரல்கள்

அடையில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கோழியின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இறகெல்லாம் சிலிர்த்து, உடம்பு இரண்டு பங்கு பருத்து, தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வரும். கொஞ்ச நாள் முன்னால் ஒரு முட்டையை இட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கேறிக்கொண்டிருந்த கோழிதான் அது. அந்தத் தம்பட்டம் அடியோடு அடங்கிவிட்டது. இனிக் குஞ்சுகள் தலையெடுக்கும்வரை அதைக் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக வேறு நாலைந்து குரல்கள் வரும். கோழி அடைகாப்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். அதன் ருசி காதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கேட்க ஒன்றும் இருக்காது. 21 நாள் ஒரே இருப்பு. சிறுவிடைக் கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், அதுவும் ஒருநாள் விட்டும் விடாமலும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வார இடைவெளிகூட இருக்கலாம். ஆனாலும் குஞ்சுகள் அநேகமாக ஒரே நாளில் பொரித்துவிடுகின்றன. தாயின் சூடு தொடர்ந்து படும்வரை முட்டைக்குள் கரு வளராமல் காத்திருக்கிறது என்பதே காரணம். மூத்தது இளையது என்ற கணக்கெல்லாம் கோழி அமர்ந்த அன்றைக்கு அழிந்து, எல்லாம் ஒரே வயதாகிவிடும்.

அந்தச் சூட்டைக் கொடுப்பதற்கு அதன் உடம்பே மாறுகிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏற ஏற முட்டையிடுவது நிற்கிறது. அடிவயிற்று இறகு உதிர்ந்து, தோல் வெறுமையாகி, ரத்த ஓட்டம் கூடி, முட்டையின் மேல் நேராகப் படிகிறது. முட்டைக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ். இன்குபேட்டர்க்காரர்கள் அரை டிகிரிக்குக் கவலைப்படுவார்கள். கோழி செய்வதோ, அலகின் அடிப்பக்கத்தால் முட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துப் புரட்டுவதுதான். ஓரத்தில் ஆறிக்கிடந்தது நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். புரட்டிய பிறகு, உட்காருவதற்கு முன் இடமும் வலமுமாக ஒரு குலுக்கல் குலுக்கி அமரும். முட்டைகள் ஒன்றோடொன்று இடிபடும் அந்த மெல்லிய ‘டொக்’ சத்தம் இரவில் நன்றாகக் கேட்கும். ஒன்றும் உடையாது.

கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, ஓரமாக ஒரு கரித்துண்டு, ஓர் இரும்பாணி, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இவை காக்கும் என்பார்கள். ஆணி இடியைத் தடுக்குமா என்பதை விடுங்கள். அடைக்கூடைக்கு இத்தனை மரியாதை உண்டு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே ஊரில்தான், முட்டை வேண்டுமென்று அடையைக் கலைக்க அதன் மூக்கில் இறகைச் செருகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடைகாக்காத கோழிதான் வேண்டுமென்றால் வெள்ளை லெகார்ன் இருக்கிறது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து அந்தப் புத்தியையே ஏறக்குறைய அழித்துவிட்டார்கள்.

நாளுக்கு ஒரு தடவை கோழி இறங்கும். கால் மணி, இருபது நிமிஷம். அவசர அவசரமாக இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை ஒரே எச்சமாகப் போட்டுவிட்டு (அந்த நாற்றம் தனி ரகம்), மண்ணில் ஒரு புரளல் புரண்டு, திரும்ப ஏறிக்கொள்ளும். அந்த நடையில்தான் புதுக் குரல் முதலில் கேட்கும்: ‘க்ளக்... க்ளக்’ என்று ஒரே அளவில் விட்டுவிட்டு வருவது. குஞ்சு இன்னும் இல்லை. அழைப்பை மட்டும் அது இப்போதே பழகிக்கொள்கிறது.

பத்தொன்பது, இருபதாம் நாள் முட்டையைக் காதருகே வையுங்கள். முட்டையின் மழுங்கிய முனையில் ஒரு காற்றறை உண்டு. குஞ்சு தன் அலகால் அந்தச் சவ்வைத் துளைத்து முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. மூச்சு வந்ததும் குரலும் வந்துவிடும். ஓடு இன்னும் கீறல் விடவில்லை, உள்ளே ‘கிய்யா’ என்று ஒரு நூல் போன்ற சத்தம். மேலே கோழி அதைக் கேட்டு, அடிக்குரலில் பதில் சொல்கிறது. முகம் பார்ப்பதற்கு முன்பே தாயும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்கள். இதைவிட நுட்பமான ஓர் உரையாடல் எங்கள் கொல்லையில் நடந்ததில்லை.

பிறகு அலகு நுனியிலுள்ள சின்ன வெள்ளை முள்ளால் ஓட்டில் ஒரு விரிசல். அதற்கப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பார்க்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். “கையை வைக்காதே, அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்று அப்பத்தா அதட்டுவாள். அதட்டல் நியாயமானது. உள்ளே குஞ்சு சும்மா இருக்கவில்லை. மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, சவ்விலுள்ள ரத்தக் குழாய்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. நாம் ஓட்டைப் பிய்த்தால் ரத்தம்தான் வரும். அந்த மஞ்சள் கருவின் பலத்தில் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் இரையில்லாமல் தாங்கும். அதனால்தான் முதலில் பொரித்ததற்காகக் கோழி கூடையை விட்டு இறங்குவதில்லை. பின்னால் வருவதற்காகக் காத்திருக்கிறது.

இறங்கிய பிறகுதான் கச்சேரி. புழுவோ குறுணையோ கண்டால் கோழி அதை விழுங்காது. அலகில் எடுக்கும், போடும், திரும்ப எடுக்கும், போடும். கூடவே ‘டொக்டொக்டொக்’ என்று அடுக்கடுக்காக ஒரு வேகக் குரல். குஞ்சுகள் உருண்டோடி வரும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் செய்து 1996இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு மேல் ஒரு படி போனது. ஒரு நிறத் தீனி கசக்கும் என்று தாய்க்கோழியைப் பழக்கிவிட்டு, குஞ்சுகள் அதே நிறத் தீனியைத் தின்பதைப் பார்க்க வைத்தார்கள். கோழி கொத்துவதையும் சீய்ப்பதையும் கூட்டியது. பிள்ளை தப்பாகத் தின்கிறது என்று கண்டதும், நல்லதைக் காட்ட மெனக்கெடுகிறது.

ஆபத்துக்கு இரண்டு குரல். மேலே பருந்து என்றால் மெல்லிய, நீண்ட ஒற்றைக் கீச்சு. குஞ்சுகள் தாயின் அடியில் பாயும், அல்லது இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். தரையில் பூனையோ கீரியோ என்றால் துண்டு துண்டாக, விடாமல், ஊரைக் கூட்டும் கத்தல். இந்த இரண்டாவது குரலை ஒக்கூர் மாசாத்தியார் கேட்டிருக்கிறார். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட, எங்கே புகுவதென்று தெரியாமல் மருண்டு திரளும் குஞ்சுகளைக் குட்டைக்கால் வீட்டுக்கோழி கூவி அழைக்கிறது. நயம் அந்தக் காட்சியோடு முடியவில்லை. ஊரார் தூற்றும் பேச்சுக்கு உவமையாக அவர் எடுத்தது கோழியின் சாயலை அல்ல, காதுக்கு இனிக்காத அந்தக் கத்தலை. கொல்லையில் நின்று கேட்ட ஒருவருக்கே அந்த உவமை கிடைக்கும்.

கோழித் தாய்மை காதில் இருக்கிறது என்று நான் சொல்வது வெறும் ரசனைப் பேச்சல்ல. 1933இல் ஜெர்மானியரான புரூக்னர், குஞ்சை ஒலி புகாத கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துத் தாயின் எதிரிலேயே நிறுத்தினார். உள்ளே அது துடித்துக் கத்துவது தாய்க்குத் தெரிகிறது, கேட்கவில்லை. தாய் சட்டை செய்யவில்லை. குஞ்சை மறைவில் கட்டிப்போட்டுக் குரலை மட்டும் கேட்கவிட்டபோதோ பாய்ந்து ஓடி வந்தது. கோழியின் உறவான வான்கோழியிடம் ஷ்லைட் குழுவினர் 1960இல் கண்டது இன்னும் கொடுமை: காது கேளாமல் செய்யப்பட்ட தாய்கள் தாம் பொரித்த குஞ்சுகளையே கொத்திக் கொன்றன. கண்ணுக்கு அது கூட்டுக்குள் நுழைந்த ஏதோ ஒரு பிராணி. ‘கிய்யா’ என்றால்தான் பிள்ளை.

இந்த ரகசியத்தை வைத்துத்தான் ஏமாற்றவும் முடிகிறது. கடையில் வாங்கிய ஒருநாள் குஞ்சுகளை இருட்டிய பிறகு, அடைக்கோழியின் அடியிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிவிட்டால், காலையில் அவற்றைத் தன் பிள்ளைகளாக்கிக் கூட்டிக்கொண்டு இறங்கும். நிறம் பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாரக் குஞ்சைச் செருகினால் நடக்காது. அதற்குள் குஞ்சுக்கு வேறு பழக்கம் வந்துவிடும். இந்தக் குரல் தன்னைத்தான் அழைக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஆறு, ஏழு வாரத்தில் ‘க்ளக்’ குறையும். பிறகு ஒருநாள், அலகில் எடுத்த புழுவைக் கீழே போடாமல் கோழி தானே விழுங்கும். பங்குக்கு வந்த குஞ்சின் தலையில் ஒரு கொத்து விழும். இது குஞ்சுகளுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. இரண்டு மூன்று நாள் பின்னாலேயே ஓடிக் கொத்து வாங்கும். “பெத்ததைக் கொத்துறாளே, கல்நெஞ்சுக்காரி” என்று அதைத் திட்டுகிற வீட்டுக்காரம்மாதான், அடுத்த தடவை தாயை ஒரு மாதத்திலேயே பிரித்துப் பஞ்சாரத்தில் போட்டு அடைத்துவிட்டால் மறு ஈட்டு முட்டை சீக்கிரம் கிடைக்குமே என்று கணக்கும் போடுவார்.