முன்னால் நிற்கும் பூஜ்யம் அலங்காரம் இல்லை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஒரு பில் மென்பொருள் எழுதுறோம்னு வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டை எண்ணாகச் சேமித்தாலும் ரொம்ப நாள் எதுவும் தெரியாது. புதுச்சேரி 34, தமிழ்நாடு 33. டெல்லிக்கு (07) சரக்கு போகும்போதுதான் பில்லில் வெறும் 7 என்று அச்சாகும்.

இதற்கு வழக்கமான வைத்தியம், எழுத்தாக மாற்றும்போது பூஜ்யத்தை நிரப்புவது: பைதானில் இசட்ஃபில், எக்செலில் டெக்ஸ்ட். மாநிலக் குறியீடு எப்போதும் இரண்டு இலக்கம், அதனால் அங்கே சரி. ஆனா எச்எஸ்என் குறியீட்டுக்கும் இதையே சொல்றதுதான் தப்பு. அது 4, 6, 8 இலக்கங்களில் வரும். தேயிலையின் 0902 எண்ணாகிவிட்டால் 902. எட்டு இலக்கத்துக்கு நிரப்பினா 00000902. அப்படி ஒரு குறியீடே கிடையாது. நாலுக்கு நிரப்பினா, சிறு பொட்டலப் பச்சைத் தேயிலையின் 090210 இன்னும் 90210 ஆகவே நிற்கும். அதில் முதல் நாலு இலக்கத்தை எடுத்தால் 9021: எலும்பு முறிவுச் சாதனங்கள்!

எண் என்பது மதிப்பை வைத்திருக்கும், இலக்க நீளத்தை அல்ல. பிறகு நிரப்புவது மீட்பு இல்லை, ஊகம். கூட்டிக் கழிக்கப்போகாத குறியீட்டை முதலிலேயே எழுத்தாக வாங்குங்க. சிஎஸ்வி கோப்பை எக்செலில் ஏற்றும்போதும் அந்த நெடுவரிசையை எழுத்து என்று குறித்த பிறகே ஏற்றணும்.