எண்சுவடியும் இளஞ்சிறாரும்

திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் கணக்குக் கற்பித்தற்குக் கருவியாய் விளங்கியது எண்சுவடி. பொருளுணராது ஒப்புவிக்கச் செய்யும் நூலென அதனை ஒதுக்குவார் பலர். உற்று நோக்குமிடத்து அக்குற்றச்சாட்டுப் பாதியே பொருந்துமென்பது புலனாகும்.

பின்னங்களை அது வகுத்துள்ள முறை வியக்கத்தக்கது. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். 1/320 என்னும் நுண்ணிய கூறும் தனிப்பெயரும் குறியும் பெற்று நிற்கின்றது. தொகுதி, பகுதி என இரண்டு எண்களாகவே பின்னத்தைக் காணும் இக்காலச் சிறுவன், 1/8 ஐ 1/4 இலும் பெரிதென மயங்குவதுண்டு. எட்டு நான்கினும் பெரிதன்றோ? அரைக்கால் என்று கற்றவனுக்கோ, அது காலிற் பாதி என்பதைப் பெயரே உணர்த்திவிடும்.

ஆயினும் குறையொன்று உளது. காலைக் காலாற் பெருக்கின் வீசம் எனச் சுவடி பயின்றவன் உடனே விடை பகர்வான்; ஏனென வினவின் அதற்கு விடை சுவடியில் இல்லை. ஒரு தாளை நான்காக மடித்து, மீண்டும் நான்காக மடித்து விரித்துக் காட்டின், பதினாறு கூறுகளையும் பிள்ளை கண்ணாரக் காணும்.

இலங்கையில் 1872 ஆம் ஆண்டிலேயே ரூபா நூறு சதமாயிற்று. முந்திரிக்கணக்கை இனி மீட்டல் வேண்டா. பெயரே பொருளுணர்த்தும் அம்முறையைப் போற்றி, அதனோடு ‘ஏன்’ என்னும் வினாவையும் சேர்த்தலே ஆரம்ப வகுப்பாசிரியர் கடனாகும்.