சொன்னபடி கேட்கும் சோழப் படை

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினி விளையாட்டில், 2022 ஏப்ரலில் வந்த ஒரு தொகுப்பு திராவிடர் என்றொரு தரப்பைச் சேர்த்தது. ராஜேந்திர சோழனின் போர்களையும் ஆடக் கொடுத்தது. இத்தகைய ஆட்டங்களின் இலக்கணம் எளிது: ஈட்டிக்காரன் குதிரையை நிறுத்துவான், குதிரை வில்லாளியைச் சிதறடிக்கும், வில்லாளி காலாளை வீழ்த்துவான். 2004இல் வெளியான ‘ரோம்: டோட்டல் வார்’ இதையே ரோமானியரின் மூன்று வரிசைகளைக் கொண்டு நுட்பமாகக் காட்டியது. இளையவர் முன்னே, அனுபவசாலிகள் நடுவே, முதிர்ந்த ஈட்டிக்காரர் பின்னே. ஒரு படைப்பிரிவு ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதே இல்லை. ஆட்டம் தோற்கடித்துக் கற்பிக்கிறது. திராவிடருக்குக் கனத்த குதிரைப்படை தராமல், யானையையும் கடற்படையையும் தந்ததும் நல்ல தேர்வு. தமிழகத்துக்குத் தரமான குதிரைகள் கடல் கடந்து விலைக்கு வந்தவைதானே.

ஆனால் திறமை தந்த இந்த ஆட்டம் படைக்கு மனம் தரவில்லை. சாட்டைபோல் சுழலும் சுருள்வாள் ஏந்திய வீரர்களை நெருக்கமாக நிறுத்தி ஏவலாம். பக்கத்தில் நிற்பவன்மேல் கீறல்கூட விழாது. இது சிறு குறைதான், சகித்துக்கொள்ளலாம். மறுப்பே சொல்லாத படை என்பதுதான் பெரிய பொய். இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகு சோழர்மீது செல்ல ஆணையிட்டபோது, அவனிடம் பணிசெய்த வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் மறுத்துக் கிளர்ந்தனர். தளபதிகளைக் கொன்று அரண்மனைக்குத் தீயிட்டனர் என்கிறது இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம். பிற்பாடு பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டில் வேளைக்காரர் புத்தரின் தந்த தாதுக் கோயிலுக்குக் காவல் ஏற்கிறார்கள். ரோமிலும் இதே கதைதான்: கி.பி. 14இல் பேரரசர் மாறியதும் ரைன் எல்லைப் படைகள் கலகம் செய்தன.

படை மட்டுமல்ல, ஊரும் சொன்னதையெல்லாம் கேட்டுவிடவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்தில் அமர முடியாது என்று விதித்த ஊர் அது. ஆட்டத்திலோ சொடுக்கினால் ஊரார் மரம் வெட்டுவார்கள், மறுசொடுக்கில் வயலுக்குப் போவார்கள். யானை விஷயத்திலும் இதே குறைதான். அதே பராந்தகனின் மகன் ராஜாதித்தன் 949இல் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். யானை முதுகு படை முழுவதும் தலைவனைப் பார்க்கும் இடம். எதிரிக்கும் அதுவே குறி. அவன் விழுந்தான், போரும் போயிற்று. தொண்டை மண்டலம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குச் சென்றது. ஆட்டத்தில் யானை என்பது நகரும் கோட்டை மட்டுமே.

‘விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும், ஏவல் கேட்காத படையை யார் காசு கொடுத்து வாங்குவார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தளபதி செத்தால் வீரர் கலங்கி ஓடுவதை ‘டோட்டல் வார்’ அன்றே காட்டியது. மக்கள் வாங்கத்தான் செய்தார்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இலேயே அரசன் இறந்தால் ஆட்டம் முடியும் ‘ரெஜிசைடு’ முறை உண்டு. அதைத் திராவிடருக்கென்று விரித்து, அரசனை யானைமேல் ஏற்றியிருக்கலாம். சோழர் ஆட்டம் ஒன்றை உருவாக்க நினைக்கும் தமிழ் இளைஞர்கள் வாளின் வடிவத்தைத் தேடுவதற்கு முன், எந்த ஆணையை எந்தப் படை மறுத்தது என்று கல்வெட்டுகளில் தேட வேண்டும்.