இயற்கை மைனரும் நடபைரவியும்: ஓர் ஒப்புமையின் எல்லை

மேலைத்தேய இசையின் இயற்கை மைனர் சுரவரிசையைத் தமிழில் விளக்க முனைவோர், அது நமது நடபைரவியே என்று கூறி அமைந்துவிடுவது வழக்கமாயிற்று. சுரநிலைகளை மாத்திரம் எண்ணிப் பார்க்குமிடத்து இக்கூற்றிற் பிழையில்லை. முழுச்சுரம், அரைச்சுரம், முழு, முழு, அரை, முழு, முழு என்னும் இடைவெளிகள் இரண்டுக்கும் பொதுவானவை. சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாகக் கொள்ள நடபைரவி பிறப்பதுபோலவே, சி மேஜரின் ஆறாம் சுரமாகிய ஏயிலிருந்து தொடங்க ஏ மைனர் பிறக்கின்றது. செம்பாலையின் துத்தம் குரலாகத் தோன்றும் படுமலைப்பாலையும் இதுவே என்பர் ஆய்வாளர் பலர். பண்ணுப்பெயர்த்தலை அறிந்த மரபினர்க்கு இப்பிறப்பு முறை புதிதன்று.

ஆயின் இவ்வொப்புமை, மைனர் இசை எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குவதில்லை, மறைக்கவும் செய்கின்றது. மோசார்ட் 1788இல் இயற்றிய நாற்பதாம் சிம்பனியை நோக்குக. அது ஜி மைனரில் அமைந்தது. சுரக்குறியேட்டின் தொடக்கத்தில் பி, ஈ ஆகிய இரண்டையும் அரைச்சுரம் தாழ்த்தும் குறிகள் உள்ளன. அவை சுட்டுவது இயற்கை மைனரையே. ஆறாம் சுரத்திலிருந்து ஐந்தாம் சுரத்துக்கு மீண்டும் மீண்டும் சரியும் அந்தப் புகழ்பெற்ற தொடக்க மெட்டின் ஏக்கம், இவ்வரிசை தந்த அரைச்சுர இடைவெளியில் விளைவது. ஆனால் ஏழாம் சுரமாகிய எஃப் தன் இடத்தில் நிலைப்பதில்லை. விரைவிலேயே அரைச்சுரம் உயர்த்தப்படுகின்றது.

ஏன்? இயற்கை மைனரில் ஏழாம் சுரம் ஆதாரசுரத்துக்கு ஒரு முழுச்சுரம் கீழே நிற்கின்றது. எனவே ஐந்தாம் சுரத்தின் மீது எழும் டி, எஃப், ஏ என்னும் சுரக்கூட்டுக்கு ஆதாரத்தை நோக்கி ஈர்க்கும் வலிமை போதாது. எஃப் உயர்ந்ததும் அந்த ஈர்ப்பு வந்துவிடுகின்றது. இதுவே ஹார்மோனிக் மைனர். இப்போது ஆறாம், ஏழாம் சுரங்களுக்கிடையே மூன்று அரைச்சுர இடைவெளி விழுகின்றது. பாடுவோர்க்கு அது இடறல். ஆகவே ஏறும்போது ஆறாம் சுரமும் உயர்கின்றது. இறங்கும்போது இரண்டும் பழைய நிலைக்கு மீள்கின்றன. இது மெலோடிக் மைனர்.

பாடநூல்கள் இவற்றை மூன்று தனித்தனிச் சுரவரிசைகளாக அட்டவணைப்படுத்துவதும், அவற்றுக்கு முறையே நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரி எனப் பெயரிட்டு நிறைவடைவதும் குறைபாடே. கர்நாடக இசையில் இவை வெவ்வேறு மேளங்கள். மேற்கிலோ ஒரே மைனரின் மூன்று நிலைகள், ஒரே அடிக்குள்ளும் கலந்து வரக்கூடியவை. நடபைரவியின் சேயாகிய பைரவி ஏறுமுகத்தில் சதுஸ்ருதி தைவதத்தை ஏற்பது மெலோடிக் மைனரை நினைவூட்டலாம். ஆனால் அங்கு நிஷாதம் உயர்வதில்லை. சுரக்கூட்டின் நிர்ப்பந்தமும் இல்லை. அவ்வுயர்வு இராகத்தின் பிரயோக மரபுக்குரியது. கமகம் இன்றி அதனைப் பைரவி எனல் அரிது.

மைனர் என்றால் சோகம் என்னும் எளிய வாய்பாடும் இதே அவசரத்தின் விளைவுதான். மேற்படி சிம்பனியின் முதற் பகுதியில் இரண்டாம் கருப்பொருள் முதலில் பி இறக்க மேஜரில் வருகின்றது. இறுதியில் ஜி மைனரில் திரும்புகின்றது. மெட்டு ஏறத்தாழ அதுவே. மாறியது அது நிற்கும் தளம். அவ்விரு இடங்களையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவன், மனனஞ் செய்த இடைவெளிப் பட்டியலில் அகப்படாத வேறுபாட்டைச் செவியாலேயே உணர்வான்.