விழுவதற்கு முந்தைய முனகல்

கட்டடம் இடிப்பதில் என்ன ரசனை வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர் கையில் ஒரு சம்மட்டியைக் கொடுத்து, செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ‘ரெட் ஃபேக்‌ஷன்: கெரில்லா’ வீடியோ விளையாட்டில் அதுதான் நடக்கிறது. 2009இல் வெளிவந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஷாம்பெயின் ஊரில் இருந்த வொலிஷன் நிறுவனத்தார் செய்தது.

கதையைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஆண்டு 2125. அலெக் மேசன் பிழைப்புத் தேடிச் செவ்வாய்க்கு வருகிறான். வந்த சூட்டோடு அவன் சகோதரனைப் பூமிப் படையினர் கொன்றுவிடுகிறார்கள். மேசன் கலகக்காரர்களோடு சேர்கிறான். பாத்திரங்களின் பெயர்களில் பல எனக்கு அடுத்த வாரமே மறந்துவிட்டன. இடித்த கட்டடங்கள் மட்டும் ஒவ்வொன்றாக நினைவிருக்கின்றன.

பல விளையாட்டுகளில் கட்டடம் இடிவது முன்கூட்டியே தயாரித்து வைத்த காட்சி. எங்கே சுட்டாலும் ஒரே மாதிரி சரியும், ஒரே மாதிரி புழுதி கிளம்பும். இங்கே அப்படி இல்லை. எந்தத் தூண் எவ்வளவு பாரம் சுமக்கிறது, எந்தச் சுவர் எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்பதை விளையாட்டு கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தாங்க முடியாத இடம் முறிகிறது. அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓவியர்கள் தொடக்கத்தில் அழகுக்காக வரைந்த கட்டடங்கள், யாரும் தொடாமலே தம் பாரம் தாங்காமல் சரிந்தனவாம். நிற்கிற மாதிரி கட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இடிக்க முடிந்திருக்கிறது.

ஒரு காட்சி. பூமிப் படையின் மூன்று மாடிக் கட்டடம். எதிரிகள் வெளியே. நான் உள்ளே, கீழ்த்தளத்தில், சம்மட்டியோடு. முதல் அடியில் சுவர் பொத்துக்கொள்கிறது. இரண்டாவதில் ஆள் நுழையும் வழி. வாசல் எதற்கு? அடுத்து மூலைத் தூண்கள். ஒன்று போனது, இரண்டு போனது, கட்டடம் அசையவில்லை. மூன்றாவது தூணை அடித்துவிட்டு வெளியே ஓடுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு முனகல், இரும்பு திருகிக்கொள்ளும் சத்தம். மேல்தளம் ஒரு பக்கம் லேசாகத் தலை சாய்க்கிறது. அந்த இரண்டு நொடிக்காகத்தான் இந்த விளையாட்டை ஆடுகிறேன். அதன் பிறகு வரும் இடிச்சத்தமும் புழுதியும் எனக்கு உபரி.

குறையும் உண்டு. சில சமயம் கையகலச் சுவர்த்துண்டு ஒன்றை நம்பி முழுக் கோபுரமும் அந்தரத்தில் நிற்கும். எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கோ அதுவும் பிடிக்கும். அந்தக் கடைசித் துண்டைத் தேடிப் போய்த் தட்டிவிடுவதில் தனிச் சுகம். செம்மண் வெளியில் வண்டி ஓட்டிக்கொண்டு இடத்துக்கு இடம் போவதுதான் சலிப்பு. அதற்கு மன்னிப்பே கிடையாது.

2001இல் வந்த முதல் ‘ரெட் ஃபேக்‌ஷன்’ பாறையைக் குடைய விட்டது. குண்டு போட்டுச் சுரங்கம் வெட்டிக்கொண்டே போகலாம். ‘கெரில்லா’ அதைத் தலைகீழாக்கியது. மலைக்கு ஒரு கீறல்கூட விழாது; மனிதர் கட்டியது மட்டுமே உடையும். சிலர் இதைப் பின்னடைவு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாறைக்குள் குழி விழுந்தால் குழி, அவ்வளவுதான். கட்டடத்துக்குள் ஒருவர் போட்ட கணக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் குலைப்பதில்தான் மூளைக்கு வேலை.

வெடிகள் எத்தனையோ உண்டு. பட்ட இடத்தைக் கரைத்து இல்லாமலே ஆக்கும் நேனோ துப்பாக்கி உண்டு. சுற்றியுள்ளதையெல்லாம் உள்ளே இழுத்து நொறுக்கும் குண்டும் உண்டு. இடிபாட்டில் பொறுக்கிய உலோகத்தைக் கொடுத்தால் சமன்யா என்ற பெண் புதுக் கருவிகள் செய்து தருவாள். எல்லாம் வாங்கியும் நான் சம்மட்டிக்கே திரும்பி வருகிறேன். தூரத்திலிருந்து வெடித்தால் அந்த முனகல் சரியாகக் காதில் விழாது.

ஆளுக்கொரு முறை ஒரே கன்ட்ரோலரை மாற்றி மாற்றி வாங்கி இடிக்கும் ‘ரெக்கிங் க்ரூ’ என்ற பகுதியும் இருக்கிறது. ஒரு விடுமுறையில் அண்ணன் மகனோடு ஆடினேன். அவன் ராக்கெட்டாகப் பொழிந்து தள்ளினான். என் முறை வந்தபோது மூன்று தூண்களை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

“சித்தப்பா, டைம் போகுது. அடிங்க!”

“இரு, கேளு.”

அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.