காசில் நின்ற நான்காம் வேற்றுமை

உரோமை ஏழு மன்னர் ஆண்டனர் என்று லிவி எழுதினார். கடைசி மன்னனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் அவர். ஆகவே அக்கதைகளை ஐயுற்றோர் பலர். 1899இல் உரோமின் பழைய மன்றத்தில், கருங்கல் தளம் ஒன்றன் கீழ், கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சிதைந்த அத்தொல் இலத்தீன் வரிகளிடையே ‘ரெகெய்’ என்னும் சொல் தெளிவாக நின்றது. ‘அரசனுக்கு’ என்பது பொருள். ஆளும் அரசனா, சடங்குக்கு மட்டும் எஞ்சிய அரசனா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை.

இதனை ஒத்த சான்றைத் தேடிப் புனேயில் வாழும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜுன்னருக்கு மேற்கே நானேகாட் கணவாய்க் குகையில் சாதவாகனக் குலத்தாரின் உருவங்கள் அழிந்துவிட்டன. அவற்றின் மேல் பொறித்த பிராகிருதப் பெயர்களே எஞ்சியுள்ளன. அக்குலத்து மன்னர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், மேற்குச் சத்திரபர்களின் காசுகளைப் பின்பற்றி, வெள்ளிக் காசுகள் வெளியிட்டனர். ஒருபுறம் மன்னனின் தலையும் பிராகிருதமும். மறுபுறம் ஒரு திராவிட மொழி. வாசிட்டிபுத்திர சாதகர்ணியின் காசில் ‘அரஹணகு வாஹிட்டி மாகணகு’ எனப் படித்துள்ளனர். ‘புத’ என்பதற்கு ஈடாக மகன். ‘சிரி’ என்பதற்கு ஈடாகத் ‘திரு’. அதனினும் சுவையானது உருபு. பிராகிருதம் ‘அரசனுடைய’ என்று ஆறாம் வேற்றுமையில் கூற, மறுபுறம் ‘ரெகெய்’ போலவே நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. நம் பிள்ளைகள் ‘கடைக்கு’, ‘பள்ளிக்கு’ என்கையில் ஒலிப்பதும் அந்தக் ‘கு’வே.

இதைக் கொண்டு ‘மராட்டிய மண்ணைத் தமிழர் ஆண்டனர்’ என முழங்குவது நமக்கு உடன்பாடன்று. சாதவாகனரின் கல்வெட்டுகள் பெரும்பாலும் பிராகிருதமே. காசின் மொழி தமிழே என்றார் இரா. நாகசாமி, கன்னட, தெலுங்குச் சாயல் கண்டோரும் உளர். ஏறத்தாழ அதே காலத்துப் புகளூர்க் கல்வெட்டில் சேரர் வழிமுறை கூறும் ‘மகன்’ என்னும் சொல் இங்கும் வருவது தமிழ்ப் பக்கம் சாய்க்கிறது. ‘அரசன்’ ‘அரஹண்’ ஆனதோ, சங்கத் தமிழ் அறியாத ‘ஹ’ ஒலியால், நம்மைச் சற்றே தயங்கச் செய்கிறது. தமிழுக்கு மிக நெருங்கிய தென்மொழி என்ற அளவில் நிற்பதே நேர்மை என்பது நம் கருத்து. அம்மொழி மன்னனின் வீட்டுமொழியாக இருந்திருக்க வேண்டுவதில்லை. காசை வாங்கி, புரட்டிப் பார்த்து, மடியில் முடிந்துகொண்ட குடிகளுக்காகவே அது பொறிக்கப்பட்டது என்று கொள்வதே பொருந்தும்.