சோதனை தோற்றால் காரணம் தெரிய வேண்டாமா?

புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் மாணவரிடம் "விடை தவறு" என்று மட்டும் சொன்னால் என்ன பயன்? "9.8 வர வேண்டும், 4.9 வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். சூத்திரத்தில் ஒரு 2 விடுபட்டிருப்பதை அவரே கண்டுகொள்வார். கணிப்பொறி நிரல்களைச் சோதிக்கும் கருவிகளையும் இதே அளவுகோலால் மதிப்பிடலாம்.

நிரல் எழுதுவோர் "இங்கு இன்ன விடைதான் வர வேண்டும்" என உறுதிக்கூற்றுகளை எழுதி வைப்பார்கள். கூற்று பொய்த்தால் கணிப்பொறி அறிவிக்கும். சி மொழியின் 'அசர்ட்' பொய்த்த கூற்றையும், கோப்பின் பெயரையும், வரி எண்ணையும் தருகிறது. தவறு நேர்ந்த இடம் தெரிகிறது; வந்த மதிப்பு என்ன என்பது தெரிவதில்லை.

பைத்தான் மொழியுடன் 2001 முதல் வரும் 'யூனிட்டெஸ்ட்' தொகுப்பைப் பார்ப்போம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமா என்று அதன் 'அசர்ட்ட்ரூ' மூலம் கேளுங்கள். "பொய் என்பது மெய்யன்று" என்ற பொருளில் செய்தி வரும்! இதில் வியப்பில்லை. ஒப்பீடு முன்பே முடிந்து, 'பொய்' என்ற முடிவு மட்டுமே சோதனையின் கைக்கு வருகிறது. எண்கள் வந்து சேர்வதில்லை.

அதே கேள்வியை 'அசர்ட்ஈக்வல்' மூலம் கேட்டால், 0.30000000000000004 என்பது 0.3-க்குச் சமமல்ல என்று காட்டும். அந்தக் கடைசி 4-தான் துப்பு. 0.1-ஐ இரும எண்முறையில் முடிவுறு பின்னமாக எழுத இயலாது. அதனால் விளைந்த நுண்பிழை இது. ஆகவே நிரலில் குற்றமில்லை. துல்லியமான சமத்தை எதிர்பார்த்ததே குற்றம். இத்தகைய எண்களுக்கென்றே 'அசர்ட்ஆல்மோஸ்ட்ஈக்வல்' இருக்கிறது. வேறு அளவு குறிப்பிடாவிட்டால், அது 7 தசம இடம் வரை ஒப்பிடுகிறது.

'பைடெஸ்ட்' என்ற கருவி இன்னும் ஒரு படி மேல். சாதாரண 'அசர்ட்' வரியையே, சோதனைக் கோப்பை ஏற்றும்போது உள்ளுக்குள் மாற்றியமைத்து, இடையில் வந்த மதிப்புகளையும் காட்டுகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால் தனித் துணைக் கோப்புகளில் உள்ள உறுதிக்கூற்றுகளுக்கு, அவற்றை முன்கூட்டியே பதிவு செய்தாலன்றி, இந்த வசதி கிட்டாது. புதியவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள்.

எனவே கருவியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சோதனை எழுதியதும், வேண்டுமென்றே தவறான விடையைக் கொடுத்து ஒருமுறை அதைத் தோற்கச் செய்யுங்கள். எதிர்பார்த்தது எது, வந்தது எது என்பவை செய்தியில் இல்லையென்றால் அந்தச் சோதனை பாதி வேலையே செய்கிறது. மீதி வேலை, பிழை தேடும் இரவுகளில் உங்கள் தலையில் விழும்.